ஒரு ஊசி குறைகிறது

கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் இருந்த தையல் கடையில், கறுப்புக் கோட்டு ஒன்று கையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் பாதி வக்கீல்களுக்குக் கோட்டுத் தைத்துக் கொடுத்த கடை அது. ஆனால் இந்தக் கோட்டு டெய்லரின் சொந்த மகளுக்கு. அடுத்த வாரம் அவள் முதல் தடவையாக நீதிபதி முன்னால் எழுந்து நிற்கப்போகிறாள். கோட்டின் உடம்பைத் தைத்து முடித்தாயிற்று. கை இரண்டையும் வெட்டி மடித்து வைத்தாயிற்று. இணைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் டெய்லரின் வலது கால் பெருவிரல் அவரைக் காலை வாரிவிட்டது.

நன்றாகத் தூங்கப் போன மனிதர், விடிகிற நேரத்தில் விரலுக்குள் யாரோ அடுப்பு மூட்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். விரல் வீங்கிச் சிவந்து பளபளத்தது. போர்வையின் ஓரம் பட்டாலே உயிர் போனது. என்னவென்று பார்க்க மனைவி குனிந்தாள்.

"மூச்சு விடாதே. காத்துப் படுது."

டாக்டர் பார்த்துவிட்டுக் கவுட் என்றார். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறிப்போய், மூட்டுக்குள் பொடி ஊசிகளாகப் படிந்துவிடுகிறதாம். இவருக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் சோர்ந்திருந்தது. அதனால் வழக்கமான வலி மாத்திரையைத் தொடவே கூடாது. அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது ஆற அமரத்தான் வேலை செய்யும்.

"வலிக்கு வேணும்னா மாடியில அக்குபங்சர் பாக்குறவங்க இருக்காங்க. சிலருக்குக் கேக்குது. போய்ப் பாருங்க."

"காலமெல்லாம் துணியைக் குத்தினேன். இப்ப துணி ஆள் வச்சு என்னைக் குத்துது" என்றார் டெய்லர், ஒவ்வொரு படிக்கும் மனைவியின் தோளை அழுத்தியபடி.

சிரித்தாலும் அவளுக்கு உள்ளே பதைப்புத்தான். எதிர்க்கடை டெய்லர் முதல் நாளே வந்து கேட்டிருந்தார்.

"அண்ணே, கையை நான் மாட்டித் தரேன். ஒரு காலைப்பொழுது வேலை."

"உன் பொண்ணு வக்கீலானா நீ மாட்டு. இது என் பொண்ணு."

மகளும் சொல்லிப் பார்த்தாள், ரெடிமேட் கோட்டு ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று. அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. இந்தக் கோட்டை இன்னொருவர் முடித்தால், இவர் இனி அந்த மெஷின் முன்னால் உட்காரமாட்டார் என்பது மனைவிக்குத் தெரியும். இடது காலால் ஓட்டிப் பார்த்தாராம். மெஷின் துணியை இழுத்துக்கொண்டு பறந்ததாம். கோட்டின் கையைத் தோளோடு சேர்க்கிற இடம் அப்படிப்பட்டது. துணியை வலிக்காமல் ஊட்டி ஊட்டி நகர்த்த வேண்டும். அதுவரை பெடலின்மேல் கால்விரல், தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும்.

மாடியில் ஒடுக்கமான அறை. காகித விரிப்புப் போட்ட கட்டில், ஜன்னலில் ஒரு பூந்தொட்டி, பயன்படுத்திய ஊசிகளைப் போட மூடி போட்ட மஞ்சள் டப்பா. குள்ளமான அம்மாள் ஒருத்தர், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கண்ணாடியோடு, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"கீழ குடுத்த மாத்திரையைப் போட்டீங்களா, ஐயா?"

"இல்லீங்க. முதல்ல உங்க வைத்தியம் எப்படின்னு பாத்துட்டு..."

"அப்போ முதல்ல மாத்திரை. அப்புறம்தான் நான். உங்க ரத்தத்துல ஏறிப் போனதை என் ஊசி இறக்காது. வலியைக் கொஞ்சம் தணிக்கப் பாக்கும், அவ்வளவுதான். அதுவும் எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ணமாட்டேன்."

தன் சரக்கைத் தானே குறைத்துச் சொல்கிற கடைக்காரரை டெய்லரின் மனைவி அதுவரை பார்த்ததில்லை. அந்த ஒரு பேச்சிலேயே அந்த அம்மாள்மீது அவளுக்கு மதிப்பு வந்துவிட்டது. டெய்லர் மறுபேச்சில்லாமல் மாத்திரையை விழுங்கினார்.

வீங்கிய விரலை அந்த அம்மாள் தொடவே இல்லை. இடது காலில், முழங்காலுக்குக் கீழே, இரண்டு மணிக்கட்டுகளிலும், முடியைவிடச் சற்றே தடித்த ஊசிகள் ஒவ்வொன்றாக நின்றன. போட்டதே தெரியவில்லை.

"டாக்டரம்மா, வலி இந்தப் பக்கம். நீங்க அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுறீங்க."

"அழுவுற குழந்தையவே போட்டு உலுக்குவீங்களா? கூட இருக்கிறவங்களை விட்டுச் சமாதானம் பண்றோம். கண்ணை மூடுங்க."

கண்ணை மூடியவர் அப்படியே தூங்கிப்போனார். வலி வந்த நாளிலிருந்து கண் அசராத மனிதர் வாயைத் திறந்து குறட்டை விட்டார். மனைவி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் குறட்டையைக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். இனி ஜென்மத்துக்கும் அதைக் குறை சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஊசிகளை எடுக்கும்போது அந்த அம்மாள் வாய்விட்டு எண்ணினார். எண்ணி முடித்துத் தட்டைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"ஒண்ணு குறையுது. ஐயா, அசையாதீங்க. காலைக் கீழ வைக்காதீங்க."

விரிப்பைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார். தரையில் முட்டி போட்டு உள்ளங்கையால் தடவினார். வெளியே காத்திருந்தவர்களிடம் போய், "ஊசி ஒண்ணு காணோம், கிடைக்காம யாரையும் உள்ள விடமாட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார்.

"போகட்டும் விடுங்க டாக்டரம்மா, ஒரு ஊசிதானே" என்றார் டெய்லர்.

"உங்க கடையில ஒரு ஊசி கோட்டுக்குள்ளயே போச்சுன்னா இப்படித்தான் சொல்லுவீங்களா?"

அப்போதுதான் மனைவிக்குப் பொறி தட்டியது. எழுந்து வந்து, டெய்லருடைய சட்டையின் இடது மார்பை, பையின் ஓரத்தை, மெதுவாகத் தடவினாள். கல்யாணமான புதிதில் விரல் கிழிந்ததிலிருந்து, துவைப்பதற்கு முன்னால் இவர் சட்டையை இப்படித் தடவாமல் அவள் தண்ணீரில் போட்டதில்லை. ஏனென்றால் இவர் கைக்குக் கிடைக்கிற குண்டூசியெல்லாம் அங்கேதான் குடியேறும்.

இதோ நின்றது. மணிக்கட்டில் இருந்த ஊசியைத் தூக்கத்திலேயே உருவி, பையின் ஓரத்தில் ஒழுங்காக, சாய்வாக, இரண்டு இழை எடுத்துக் குத்தி வைத்திருந்தார்.

அந்த அம்மாள் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சிரிசிரியென்று சிரித்தார்.

"நான்கூட இவ்வளவு நேர்த்தியா குத்தமாட்டேன், ஐயா!"

டெய்லருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "தூக்கத்துல கை என்ன பண்ணுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கை நல்லா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே. கால்தான் படுத்திருக்கு" என்று சொல்லி, ஊசியை எடுத்து மஞ்சள் டப்பாவில் போட்டு, தட்டின் கணக்கைச் சரிபார்த்த பிறகுதான் கதவைத் திறந்தார்.

இறங்கும்போது டெய்லர் அவள் தோளை அவ்வளவாக அழுத்தவில்லை. வலி போய்விடவில்லை. ஆனால் பக்கத்து அறைக்குப் போன மாதிரி இருக்கிறது என்றார். அடுத்தடுத்துப் போன நாட்களிலும் அந்த அம்மாள் முதலில் மாத்திரையைத்தான் கேட்டார். பிறகு டெய்லரின் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். செருப்பு நுழைகிற அளவுக்கு வீக்கம் வற்றியது. உட்காரவும் தூங்கவும் முடிந்தது. பெடலை மட்டும் அழுத்த முடியவில்லை. மகள் கோர்ட்டில் நிற்க வேண்டிய நாளோ மறுநாள்.

கை நல்லா இருக்கு, கால்தான் படுத்திருக்கு. அந்த வார்த்தையை மனைவி மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள். அன்று மத்தியானம் கடைக்குப் போய், மெஷின் முன்னால் அவர் நாற்காலியை ஒட்டி இன்னொரு ஸ்டூலைப் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெடலில் காலை வைத்தாள்.

"என்ன பண்றே?"

"உங்க கை, என் கால். உக்காருங்க."

"விளையாடாதே. இது கோட்டு."

"எனக்கும் அவ பொண்ணுதான்."

அவர் உட்கார்ந்தார். வலது காலைத் துணிமூட்டையின்மேல் நீட்டி வைத்துக்கொண்டு, கோட்டின் கையை ஊசிக்கடியில் கொண்டுவந்தார்.

"ம், மெதுவா. ஏய், மெதுவான்னா! பஸ்ஸைப் பிடிக்கவா போறே?"

"மெதுவாத்தான் மிதிக்கிறேன்."

"மிதிக்காதே. தொடு. இப்ப நிறுத்து. நிறுத்துன்னு சொல்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும்."

"அதுக்கு ஜோசியம் தெரியணும்."

இடது கையின் தோள் வளைவில் ஒரு தடவை அவள் கால் நழுவி, நாலைந்து தையல் நெருக்கமாக ஓடிவிட்டது. அவர் குனிந்து பார்த்தார். பிரித்துவிடுவார் என்று காத்திருந்தாள். "போ, மேல போ" என்றார். வலது கைக்கு வரும்போது அவர் சொல்வதை விட்டுவிட்டார். அவர் மூச்சை இழுத்தால் அவள் நிறுத்தினாள், விட்டால் தொட்டாள். எதிர்க்கடைக்காரர் தன் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கோர்ட்டில் கடைசி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மகள் என்ன பேசினாள் என்று டெய்லர் கேட்டாரோ என்னவோ. அவள் கையை உயர்த்தியபோது மட்டும் மனைவியை முழங்கையால் இடித்தார்.

"பாத்தியா? கை தூக்குறா, கோட்டோட தோள் தூக்கலை."

பிறகும் பல வருஷங்கள் அவர் மெஷினில் உட்கார்ந்தார், மாத்திரையையும் விடாமல், மாடிக்கும் எப்போதாவது போய்வந்துகொண்டு. அவரைக் கொண்டுபோனது இதயம். கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையையும் அவள் தடவிப் பார்த்துத்தான் தண்ணீரில் போட்டாள்.

அந்தக் கோட்டை மகள் இன்னும் போடுகிறாள். உள்துணி நைந்துபோய், புதிதாக வைத்துத் தைக்க எதிர்க்கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் கோட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இடது தோளில் விரல் வைத்தார்.

"அண்ணி, இந்த இடத்துல தையல் நெருங்கியிருக்கே. அண்ணன் இப்படி விடமாட்டாரே. பிரிச்சுச் சரி பண்ணிடவா?"

"தொடாதீங்க" என்றாள் அவள். "தெரிஞ்சுதான் விட்டாரு. அந்தத் தையல் என் காலு."