சிவப்பு நூல் போட்ட காலுறை

பிளேக் வந்ததால் முகைதீன் ராவுத்தருக்கு யோகம் அடித்துவிட்டது என்று கம்பத்தில் பேசினார்கள். பேசினவர்களைப் பிடித்து என் தையல் கடைக்குள் ஒரு நாள் உட்கார வைத்திருக்க வேண்டும். எலி செத்து விழுந்தால் ஊரில் பிளேக் என்று எனக்கு ஆர்டர் வரும், வாஸ்தவம்தான். ஆனால் அந்தச் சேதி மதுரைக்குப் போன மறுநாளே அங்கிருந்து கித்தான் துணி வருவது நின்றுவிடும். கம்பத்துக்குச் சரக்கு என்றால் லாரிக்காரன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். தைக்கிற ஆட்களில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக் குடிசைக்குப் போய்விடுவார்கள். நோய் ஓய்ந்து, துணியும் ஆளும் திரும்பி வரும்போது ஆர்டர் இருக்காது. இந்த லட்சணத்தில் யோகமாம்.

நான் தைத்தது பிளேக் கூலிகளுக்கான காலுறை. எலி வளையைத் தோண்டி, விஷப் புகை விட்டு, மண்ணைத் தள்ளி மூடுகிறவர்கள் அவர்கள். எலி செத்ததும் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி அடுத்த உடம்பைத் தேடும். பக்கத்தில் இருப்பது அந்த ஆட்களின் கால்தான். கடித்தால் நாலைந்து நாளில் காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டி வீங்கும், அப்புறம் பிழைத்தால் அதிசயம்.

அதனால் தொடைவரை ஏறும் கித்தானில் இரட்டைத் தையல் போடுவேன். ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் என் வீட்டுக்காரி லத்திபா மெழுகு தேய்ப்பாள். பிறகு மண்ணெண்ணெயில் முக்கி இரண்டு நாள் வெயிலில் தொங்கவிடுவோம். எல்லாம் முடிந்த பிறகு மேல் விளிம்பில் சிவப்பு நூலால் மூன்று தையல் போடுவேன். அது என் அடையாளம்.

கூலிகளில் எழுத்துத் தெரிந்தவர்கள் ஒருவரும் கிடையாது. முதல் தடவை காலுறை கொடுத்தபோது அவர்கள் முன்னால் நின்று பெரிதாகப் பீற்றிக்கொண்டேன்.

"துணியப் பாக்காதீக, கனத்தப் பாக்காதீக. செவப்பு நூலு இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா கண்ண மூடிக்கிட்டுக் கால விடுங்க. அதுக்கு நான் பொறுப்பு."

மேஸ்திரி ஒச்சாண்டி சிரித்தான். காமயகவுண்டன்பட்டிக்காரன், வாய்க்கொழுப்புப் பிடித்தவன், எனக்கு ரொம்பப் பிடித்தவன்.

"கோயில்ல காப்புக் கட்டுன மாதிரியா, ராவுத்தரே?"

"அப்படியே வச்சுக்கடா."

அவர்கள் அப்படியேதான் வைத்துக்கொண்டார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவன் விரதத்தில் எவ்வளவு நம்பிக்கையாக இருப்பானோ, அவ்வளவு நம்பிக்கை. காலையில் வளை தோண்டப் போகும் முன் ஒவ்வொருவனும் அந்த மூன்று தையலையும் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நாற்பத்துமூன்றாம் வருஷம் ஜெர்மன் சண்டை உச்சத்தில் இருந்தபோது கம்பம் பள்ளத்தாக்கில் மறுபடி எலி விழுந்தது. கித்தான் முழுக்கப் பட்டாளத்துக்குப் போய்விட்டது. மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்பாடு. அந்தச் சமயத்தில்தான் பால்பாண்டி வந்தான். பிளேக் ஆபீசில் காலுறைக் காண்டிராக்ட் எடுத்திருந்தவன் அவன். அவனுக்குத்தான் நான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வண்டியில் ஒரு கட்டுப் பழைய கூடாரத் துணியும், நாலு கட்டு நெல் சாக்கும் இருந்தன.

"அறுவது ஜோடி வேணும். வெளிய கித்தான், உள்ள சாக்கு. கனமாத்தான இருக்கும்?"

சாக்கை நான் தொடக்கூட இல்லை. "இது எந்த ஊரு நெல்லுக் கிட்டங்கிச் சாக்கு?"

"காமயகவுண்டன்பட்டிக் கிட்டங்கி."

"ஏலே, அங்கனதான் எலி விழுந்து கெடக்கு! அத்தன தெள்ளுப்பூச்சியும் இந்தச் சாக்குலதான இருக்கும்?"

"ஒரு நாள் வெயில்ல போட்டாச்சு. எல்லாம் செத்துருக்கும்."

"மண்ணெண்ணெயக் கொண்டா. சாக்கு முழுக்க முக்கிட்டு அப்பறம் பேசுவோம்."

"மண்ணெண்ணெய்க்கு எங்க போக? வெளிப்பக்கம் லேசாத் தடவி விடுங்க, வாசம் வந்தாப் போதும். எவன் ராவுத்தரே உள்ள பெரட்டிப் பாக்கப் போறான்?"

ஆபீசில் காலுறைக்கென்று இரண்டு டின் மண்ணெண்ணெய் கொடுத்திருந்தார்கள். அதை இவன் எந்தக் கடை வழியாகக் கறுப்பில் விற்றான் என்று ஊருக்கே தெரியும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மனுசன் காலுடா அது! வண்டியத் திருப்பு, இல்லாட்டிச் சாக்கோட சேத்து ஒன்னையும் கொளுத்திப்புடுவேன்" என்று கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் போய்விட்டான்.

"அவன் வேற ஆள வச்சுத் தச்சுக்கிருவான். மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றாள் லத்திபா.

போகவில்லை. ஆர்டரை உதறிய ரோஷத்தில் இருந்தேன். நான் தைக்கவில்லை என்றால் அந்த ஆட்கள் தாங்களாகவே தெரிந்துகொள்வார்கள், சிவப்பு நூல் இருக்காதே என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் சுருளியாண்டி கடை வாசலில் வந்து நின்றான். ஒச்சாண்டியின் ஆட்களில் ஒருவன். உள்ளே வராமல் தெருவிலிருந்தே பேசினான்.

"மேஸ்திரிக்கு நெறி கட்டிருச்சு, ராவுத்தரே. காயிச்சலு அனலாக் கொதிக்குது. ஒங்க காலொறைய ஒரு நேரம் கழட்டலையே, எப்படி வந்துச்சுன்னு கேக்கச் சொன்னாக."

"என் காலொறையா? நான் எங்கடா தச்சேன்?"

"அஞ்சு நாளைக்கி முந்திக் குடுத்தாகளே. செவப்பு நூலு போட்டிருந்துச்சே."

கத்தரிக்கோலை மடியில் செருகிக்கொண்டு அவனோடு ஓடினேன். காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே தென்னந்தோப்பில் குடிசைகள் போட்டிருந்தார்கள். ஒச்சாண்டி கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். கண் சிவந்து, நாக்குத் தடித்திருந்தது. அவன் காலுறைகள் வாசல் கழியில் தொங்கின. விளிம்பில் சிவப்பாக மூன்று தையல்.

ஒன்றைக் குச்சியால் எடுத்துத் தரையில் போட்டு, கத்தரியால் கிழித்தேன். கித்தானுக்கு உள்ளே சாக்கு. சாக்கின் மடிப்பில் இரண்டு நெல்மணிகள்கூட ஒட்டிக்கொண்டிருந்தன. ஓட்டைகளில் மெழுகு கிடையாது. மண்ணெண்ணெய் வாசம் வெளிப்பக்கத்தில் மட்டும்.

ஒச்சாண்டி தலையைத் திருப்பினான். "நூலு இருந்துச்சே, ராவுத்தரே" என்றான். அதில் குற்றச்சாட்டே இல்லை. சந்தேகம்தான் கேட்டான். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கிழித்தது கிழித்தபடி கிடந்தது. இன்னொரு காலுறையைக் குச்சி நுனியில் மாட்டிக்கொண்டு நேரே கம்பத்தில் பிளேக் ஆபீசுக்குப் போனேன். சுருளியாண்டியும் மற்ற ஆட்களும் இன்னும் அந்த நூலை நம்பிப் போட்ட காலுறையோடேயே பின்னால் வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பால்பாண்டி எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

நான் சொன்னதையெல்லாம் அதிகாரி கேட்டுக்கொண்டார். "புகாரை எழுதிக் கொடும். விசாரிப்போம்" என்றார்.

"எழுதி விசாரிக்கிற வரைக்கும் இவுக கால் என்னாகுறது, தொரை? இப்பவே விசாரிச்சுருவோம்." காலுறையைப் பால்பாண்டியின் முன்னால் போட்டேன். "நல்ல சரக்குன்னு சொல்லித்தான குடுத்த? போட்டுக் காட்டு."

"என்ன வெளையாட்டு இது?" என்று அவன் எழுந்தான்.

"வெளையாடலடா. ஒரே ஒரு கால். உள்ள விட்டு நூறு எண்ணு. ஒன்னும் ஆகலன்னா இங்கனயே ஒன் கால்ல விழுறேன்."

அவன் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார். "போடுமே" என்றார்.

பால்பாண்டி போடவில்லை. நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே கிடந்த காலுறையையே பார்த்தான். வேலிக்கு வெளியே நின்ற எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

சுருளியாண்டிதான் முதலில் குனிந்து தன் காலுறையை உருவினான். பிறகு வரிசையாக எல்லோரும் உருவி வேலிக்கு இந்தப் பக்கம் எறிந்தார்கள். ஒருவனும் கத்தவில்லை. புதுக் காலுறை வரும்வரை ஒரு வளைகூடத் தோண்டமாட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதிகாரி அன்று மாலையே என் கடைக்கு இரண்டு டின் மண்ணெண்ணெய் அனுப்பினார். பால்பாண்டியின் காண்டிராக்டை ரத்து செய்தார்கள். அவ்வளவுதான், ஜெயிலுமில்லை, கியிலுமில்லை.

ஒச்சாண்டி மூன்றாம் நாள் போய்விட்டான்.

சேதி கேட்டுப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் பாய், வேட்டி, துண்டு எல்லாவற்றையும் தோப்புக்கு வெளியே குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் பெண்சாதி அய்யம்மாள் நெருப்பைப் பார்த்தபடி நின்றாள். நான் கிழித்துப் போட்ட காலுறை கடைசியாகக் கிடந்தது. அதை ஒரு கம்பால் தூக்கி என் முன்னால் நீட்டினாள்.

"நூலப் பாத்துச் சொல்லுங்க. இது ஒங்க தையலா?"

"இல்ல ஆத்தா. சத்தியமா என் தையல் இல்ல. பால்பாண்டி என் நூல மாதிரியே போட வச்சிருக்கான்."

"யாரு வேணும்னாலும் போடலாமா அந்த நூல?"

"போடலாம்."

"தெனம் விடிஞ்சதும் அதத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் போனாரு மனுசன். எனக்கு எதுவும் ஆகாதுடி, ராவுத்தரு பொறுப்புன்னாரு." அவள் குரல் உடைந்து ஓங்கியது. "எவன் வேணும்னாலும் போடுற நூல எதுக்குய்யா கும்புட வச்ச?"

அவள் காலுறையை நெருப்பில் போட்டாள். என் சட்டைப் பையில் சிவப்பு நூற்கண்டு இருந்தது. அதையும் எடுத்து அதன் மேல் போட்டேன்.