நாலாவது மாடி

எந்த மாவட்டத்தில் எத்தனை தனி வீடு, எத்தனை அடுக்குமாடி, எத்தனை தகரக் கொட்டகை என்று நாடு முழுவதையும் ஒரே அட்டவணைக்குள் அடக்குவது அவள் வேலை. புள்ளிவிவர அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். தப்பான எண் ஒன்று அவள் மேசையைத் தாண்டிப் போனதாகச் சரித்திரமே இல்லை.

அன்று சுரங்க மாவட்டத்துக்கு நேரே, அடுக்குமாடிக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கணக்கெடுக்கப் போனவர்கள் நிழலில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள்! அவள் தம்பி மூன்று வருஷமாக அங்கேதானே இருக்கிறான்? நாலாவது மாடி, லிஃப்ட் உண்டு, காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று வாராவாரம் போனில் பெருமையடிப்பானே! அவனைப் பார்க்கத்தான் அம்மா நாளை மறுநாள் ரயிலேறுகிறாள். அவன் ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்தாயிற்று. அளவு கேட்டால் மட்டும் பயல் நழுவிவிடுவான்.

கணக்கெடுப்பு அதிகாரியைப் போனில் பிடித்து ஒரு பிடி பிடித்தாள். அவர் அசரவில்லை.

"சந்து சந்தா நானே நடந்தேன் மேடம். கீழ பூரா சுரங்கம், மண்ணு உள்வாங்கும்னு மாடி கட்டவே விடமாட்டாங்க. தண்ணித் தொட்டிய விட்டா அங்க ஒசரமா ஒண்ணுமே கெடையாது."

பூஜ்யம் போட்டால், சரிபார்த்ததாக அவள் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், உண்மையச் சொல்லு. எங்கடா இருக்க?"



"கொட்டகைலதான்க்கா. ஒரு அறைல எட்டுப் பேரு. ஆளுக்கொரு கட்டில்."

"அப்புறம் அம்மாவ எதுக்குடா வரச் சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? அவங்களாவே டிக்கெட் எடுத்துட்டாங்க. அக்கா... லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடேன். அவங்க முட்டிக்கு நாலு மாடி ஏற முடியாதுல்ல."

இல்லாத மாடிக்கு இருந்த லிஃப்டும் கெட்டுப்போயிற்று. வேறொருவன் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அந்த நாலாவது மாடியைப் பற்றி அலுவலகம் முழுக்கப் பீற்றிக்கொண்டவள் அவள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் அம்மா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீலத் திரை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

"லிஃப்ட் கெட்டுப்போச்சாம், அம்மா. சரிபண்ண மாசக்கணக்குல ஆகுமாம்."

சொல்லும்போதே அவளுக்கு உடம்பு கூசியது. அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையை எடுத்து மெதுவாக மடித்தாள்.

"போயி கையோட கூட்டிட்டு வந்துடலாம்னுதான் கெளம்பினேன். வேண்டாம்னா விடு, அவனுக்கும் ரோஷம் இருக்கும்."

மடித்த திரையை மகள் கையில் வைத்தாள்.

"இத மட்டும் தபால்ல அனுப்பிடு. ஜன்னல் இல்லேன்னா படுக்கற எடத்தச் சுத்திக் கட்டிக்கட்டும்."