பனியில் விரித்த பெயர்

பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்குப் போகமாட்டேன் என்றுதான் லொரீன் சொன்னாள். கணவன் ஆர்விட் லுண்ட்கிரென்தான் பிடிவாதமாக அனுப்பிவைத்தான்.

"இன்னும் மாசம் ஆகலை. கிறிஸ்துமஸையாவது நம்ம வீட்டுல முடிச்சுட்டுப் போறேனே."

"வேணாம். போன தடவை டாக்டர் வந்து சேர்ந்தப்போ..." அவன் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

போன தடவை, எல்லாம் முடிந்த பிறகுதான் டாக்டரின் கார் சேற்றில் முக்கி முனகி வந்து சேர்ந்தது. ஒரு காலைப்பொழுது மட்டுமே உயிரோடிருந்த அந்தப் பையனுக்கு மாதக்கணக்காக யோசித்து ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அந்தப் பெயர் வீட்டுக்குப் பின்னாலுள்ள மணல்மேட்டில், ஒரு பலகையில் மட்டும்தான் இருந்தது. அதனால் இந்தத் தடவை லொரீன் பெயரைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஆர்விட்டுக்குத் தொழுவத்தில் ஏதாவது வேலை வந்துவிடும். "வரட்டும், முகத்தைப் பாத்துட்டு வைக்கலாம்" என்பான், தொப்பியை எடுத்துக்கொண்டே.

அறுபது மைல் தள்ளி ஐன்ஸ்வொர்த்தில் இருந்த அவளுடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். ஒரு காப்பி குடிக்கக்கூட உட்காரவில்லை. மாடுகள் காத்திருக்குமே. வாசல்வரை வந்த லொரீன் அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"நீ இல்லாம நான் பேர் வைக்க மாட்டேன், ஆர்விட். சொல்லிட்டேன்."

"வைக்காத. வலி எடுத்ததும் சொல்லியனுப்பு. ஓடி வந்துடறேன்."

புத்தாண்டு பிறந்த மறுநாள் பனிப்புயல் தொடங்கியது. அது 1949. நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் பனி புதிதல்ல. ஆனால் இது பனியாகப் பெய்யவில்லை, வெள்ளைச் சுவராகப் படுக்கைவாட்டில் வந்தது. மூன்று நாள் கழித்து ஆர்விட் கதவைத் திறந்தபோது வேலியைக் காணோம், சாலையைக் காணோம், கோழிக்கூட்டின் புகைக்குழாய் மட்டும் வெளியே தெரிந்தது. தொலைபேசிக் கம்பி எங்கேயோ அறுந்து கிடந்தது.

அவன் பிறந்தது அந்த வீட்டில்தான். நடை பழகியதே மாடுகளின் கால்களுக்கிடையில் என்று சொல்லலாம். போருக்குக்கூட அவனை அழைக்கவில்லை, மாடு வளர்க்க ஆள் வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்டவனே அன்று தன் மாடுகளை அடையாளம் தெரியாமல் நின்றான். வெள்ளை முகமும் சிவப்பு உடம்புமாக நிற்க வேண்டியவை, முழு வெள்ளையாக, அசையாமல் நின்றிருந்தன. மூக்கில் பனி இறுகி மூச்சு அடைத்திருந்தது. கைக்கோடரியின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றின் மூக்கிலும் மெல்லத் தட்டி உடைத்துக்கொண்டே போனான். சில மாடுகள் பெருமூச்சு விட்டு அவன் மார்பில் முட்டின. சில நின்றபடியே செத்திருந்தன.

அதற்குப் பிறகு நாள்கள் ஒரே மாதிரி போயின. புற்போரைத் தோண்டுவது, குதிரைகளைச் சறுக்குவண்டியில் பூட்டிப் புல்லை இழுப்பது, தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டியை உடைப்பது. வேலை செய்யும்போது சமாளித்தான். சாப்பிட உள்ளே வரும்போதுதான் தாங்கவில்லை. பால் கறந்தான், ஆனால் பாலாடை பிரிக்கும் எந்திரத்தைத் தொடவில்லை. அதைச் சுற்றும்போது லொரீன் சுருதி சேராமல் ஏதாவது முனகிக்கொண்டிருப்பாள். பாலாடையோடு பாலைப் பூனைகளுக்கு ஊற்றினான். ஆணியில் அவள் சமையல் மேலங்கி தொங்கியது. முதல் நாள் அதில் கை துடைத்தான். அப்புறம் துடைக்கவில்லை. அதில் மிச்சமிருந்த இலவங்கப்பட்டை வாசனை போய்விடக் கூடாது என்று தோன்றியது.

பக்கத்துப் பண்ணை கஸ் டோமெக், பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, கல்யாணம் செய்துகொள்ளாதவன். தினமும் மதியம் குதிரையில் வந்துவிடுவான். ஆர்விட்டிடம் பேட்டரி ரேடியோ இருந்தது, கஸ்ஸிடம் இல்லை. சாலை எல்லாம் அடைபட்டுப் போனதால் வானொலிக்காரர்கள் மதியச் செய்திக்குப் பின் சொந்தச் சேதிகளை வாசித்தார்கள். இன்னாருடைய அம்மா நலம், இன்னாருக்கு மருந்து விமானத்தில் வருகிறது என்று. ஒருநாள் அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஸ்னேக் ஆற்றுக்கு வடக்கே இருக்கும் ஆர்விட் லுண்ட்கிரெனுக்கு. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். என்ன பேர் வைக்கணும்னு லொரீன் கேட்கிறாங்க."

கஸ் மேசையை ஓங்கித் தட்டினான். "டேய்! பொண்ணுடா! உன் மூக்கு வராம இருக்கணும், பாவம்."

ஆர்விட் எழுந்து போய் அடுப்பில் இருந்த காப்பிப் பாத்திரத்தை இறக்கினான், மறுபடி ஏற்றினான். "நலம்னுதானே சொன்னாரு?"

"ரெண்டு பேரும் நலம்னாரு. காது அடைச்சுப்போச்சா?"

மறுநாளும் அதே சேதி வந்தது. அதற்கு அடுத்த நாள் அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "லுண்ட்கிரென் பாப்பாவுக்கு இன்னும் பேர் வரலை. டால்ஸ்ட்ராம் அம்மா ஹில்டகார்டுனு வைக்கச் சொல்றாங்க. வுட் லேக்கிலிருந்து ஒருத்தர் பிளிஸார்டுனு வைங்கங்கறார். ஆர்விட், எங்க இருக்கீங்க?"

"பிளிஸார்ட் லுண்ட்கிரென்! பனிப்புயல் பாப்பா!" கஸ்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பெரியவளானா ஒருத்தன் கிட்ட வரமாட்டான். ஊரே உன் மகளுக்குப் பேர் வச்சுட்டிருக்கு, நீ இங்க உக்காந்து உருளைக்கிழங்கு தின்னுட்டிருக்க. மனசுல ஏதாவது வச்சிருக்கியா, இல்லியா?"

வைத்திருந்தான். ஒன்பது வயதில் அவன் இழந்த அம்மாவின் பெயர், எல்னா. லொரீன் வயிற்றில் குழந்தை உண்டான நாளிலிருந்தே அது அவனுக்குள் இருந்தது. பயத்தில் வாய் திறக்கவில்லை. கஸ்ஸிடம்கூடச் சொல்ல நாக்கு எழவில்லை. அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் எப்படி?

அந்த வாரம் ரேடியோவின் குரல் தேய்ந்து, கொசு ரீங்காரம் போலாகி, நின்றுபோனது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

வெஸ் ஹாகார்டு என்பவன் பனிச்சறுக்குக் கட்டைகள் பொருத்திய சின்ன விமானத்தில் பண்ணை பண்ணையாகப் பறந்து மாவும் மருந்தும் போட்டுக்கொண்டிருந்தான். ஆர்விட்டின் வீடு குன்றுகளுக்கு நடுவில் பள்ளத்தில் இருந்ததால் இறங்க முடியாது. மேலே ஒரு வட்டமடித்து மூட்டையைத் தள்ளிவிட்டுப் போய்விடுவான். வானத்தில் அந்தச் சத்தம் கேட்டபோதுதான் ஆர்விட்டுக்கு யோசனை வந்தது.

முதலில் பனிமேல் அடுப்புச் சாம்பலால் அந்தப் பெயரை எழுதினான். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, அதிலும் வளைவே இல்லாத நேர்கோட்டு எழுத்துகள். காற்று அரைமணியில் துடைத்துவிட்டது. புல்லைப் பரப்பலாமென்றால் மாடுகள் விடுமா?

வீட்டுக்குள் வந்து லொரீனின் அலமாரியைத் திறந்தான். வயிறு பெருத்தபின் அவள் போட முடியாத துணிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. சர்ச்சுக்குப் போடும் கருநீல உடுப்பு. பழுப்புப் பாவாடை. கல்யாணத்துக்கு மறுநாள் போட்டிருந்த பச்சைச் சட்டை, அதன் முழங்கையில் அவளே போட்ட ஒட்டு. ஒவ்வொன்றாக எடுத்தான். எடுத்ததை உடனே கீழே வைக்க முடியவில்லை. கடைசியில் வாரிக்கொண்டு வெளியே போனான்.

கொட்டகைக்குப் பின்னால் சமதரையில் துணிகளை விரித்தான். போதவில்லை. ஜன்னல் திரையையும் சிவப்புப் போர்வையையும் கொண்டுவந்தான். பறக்காமலிருக்க எல்லாவற்றின் மேலும் உறைந்த சாணிக் கட்டிகளை வைத்தான். கஸ் குதிரைமேல் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லொரீன் உன்னைக் கொல்லப்போறா."

"வந்து கொல்லட்டும். வந்தா போதும்."

கஸ் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. இறங்கி வந்து, கடைசி எழுத்தின் குறுக்குக் கோட்டுக்குத் தன் கழுத்துத் துணியைக் கழற்றிக் கொடுத்தான்.

விமானம் இரண்டு நாள் வரவில்லை. இருவரும் மாறி மாறி மாடுகளை விரட்டினார்கள். ஒரு கிழட்டுப் பசு பச்சைச் சட்டையின் கையைச் சப்பத் தொடங்கியபோது ஆர்விட் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மாட்டைக் கெட்ட வார்த்தையால் திட்டினான். மூன்றாம் நாள் வெஸ் வந்தான். ஒருமுறை வட்டமடித்தான். போனான். திரும்பி வந்து இன்னும் தாழ்வாக வட்டமடித்தான். இறக்கையை ஒருபக்கம் சாய்த்தான். குன்றுக்கு அப்பால் மறைந்தான்.

"படிச்சுட்டான்" என்றான் கஸ்.

"இல்ல, யாரோ துணி காயப்போட்டிருக்காங்கன்னு நினைச்சிருப்பான்."

அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவன் மாடுகளைப் பார்த்தான், செத்தவற்றின் தோலை உரித்தான், சாப்பிட்டான், படுத்தான். விரித்த துணிகளை மட்டும் எடுக்கவில்லை. மேலே மேலே பனி விழ, ஒவ்வொரு காலையும் துடைப்பத்தால் பெருக்கினான்.

பிப்ரவரி பாதியில் ராணுவத்தின் புல்டோசர் ஒன்று தெற்குக் குன்றைப் பிளந்துகொண்டு வந்தது. அதன் பின்னாலேயே ஒரு டிரக். லொரீன் இறங்கியபோது முழங்கால்வரை பனியில் புதைந்தாள். அணைப்பில் ஒரு சுருட்டிய கம்பளி. ஆர்விட் ஓடவில்லை, அவனால் ஓட முடியவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, கை சாணியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு நின்றான்.

"என் சர்ச்சு உடுப்பு மேல சாணி வச்சியாமே?" என்றாள் அவள். "வெஸ் ஊரெல்லாம் சொல்லிட்டான்."

"லொரீன், அவன்... சரியாப் படிச்சானா?"

அவள் கம்பளியை விலக்கினாள். "எல்னா. இதோ பாரு. அப்பா."

குழந்தை அவனைப் பார்த்தது. யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. முகத்தைச் சுளித்து, அழ ஆரம்பித்தது.

ஆர்விட்டுக்கு மந்தையில் ஏறக்குறைய பாதி அந்த ஆண்டு போனது. அதைத் திரும்ப வளர்த்தான். இன்னும் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள், மூவரையும் முதல் அழுகையிலிருந்தே அறிவான். கிழவனாகி, இடுப்பு உடைந்து, குதிரை ஏறுவதை விடும்வரை மாடுகளை விடவில்லை. மகள்களின் கல்யாணங்களில் ஆடினான். பேரப்பிள்ளைகளுக்கு மாடு பிடிக்கக் கயிறு வீசக் கற்றுக்கொடுத்தான். அவனைக் கேட்டால் குறை ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பான்.

ஆனாலும் சில பகல்களில், சாப்பாட்டு மேசையில், சும்மா கேட்பதுபோல் கேட்பான்.

"எல்னா முதல் நாள் எப்படி இருந்தா?"

லொரீன் இதை எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். கை விரல்கள் நீளமாக இருந்ததை, இடது காது மடிந்திருந்ததை, முதல் முறை தும்மித் தன் தும்மலுக்குத் தானே பயந்துபோனதை. அக்கா வீட்டுக்காரர் அந்த வாரங்கள் முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததை.

"காது எத்தனை நாள் மடிஞ்சிருந்தது?"

"ஒரு வாரம் இருக்கும். அப்புறம் தானா நிமிர்ந்துடுச்சு."

"நான் பாக்கலை" என்பான் ஆர்விட்.

"ஆமா" என்பாள் லொரீன், அவன் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்தபடி. "நீ பாக்கலை."