குழாய்க்குள் போன கர்ச்சீப்

என் கடை வாசலில் நின்ற கரண்டு போஸ்டைப் பிடுங்கியது வேறு யாரும் இல்லை, என்னைக் கட்டின மனுஷன்தான். ஆரியசாலையில் ரோட்டை அகலமாக்கி, தலைக்கு மேலே போகிற கம்பியை எல்லாம் மண்ணுக்கு அடியில் கொண்டுபோகிற வேலை நடந்த வருஷம் அது. பள்ளத்துக்கு இடைஞ்சல் என்று அந்த ஒரு போஸ்டை முதலிலேயே எடுத்து, கம்பியை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார்கள். பதினோரு வருஷமாக என் துணிக்கொடியின் ஒரு முனை அந்தப் போஸ்டில்தான் இருந்தது. வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிறவளுக்குக் கொடி இல்லையென்றால் பிறகு கடை எதற்கு?

"ஊருக்கெல்லாம் வேல செய்யுங்க, பெண்டாட்டிக்க கொடிய மட்டும் அறுத்துப் போடுங்க" என்றேன். தாசையன் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கேபிள் போடுகிற கேங்கில் சேர்ந்ததிலிருந்து அவர் கோட்டயம், திருச்சூர், பாலக்காடு என்று பள்ளம் போகிற வழியே போய்க்கொண்டிருந்தார். எனக்கு அவர் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் வந்து போகிற விருந்தாளி. இப்போது பள்ளம் என் கடை வாசலுக்கே வந்துவிட்டது. மத்தியானம் ஆனால் மேலே ஏறி, கைகால் கழுவி, நாற்பது எட்டு நடந்து வந்து தேய்ப்பு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். மீன் குழம்பில் புளி கூடினால் அவருக்குப் பிடிக்காது என்பதே இந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து.

அதனால்தான் சூப்பர்வைசர் பிரஜின் அந்த வாரம் சொன்ன சேதியை நான் தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். ரோட்டுக்கு அடியில் பதித்த குழாய் வழியாக வெள்ளிக்கிழமை கேபிளை இழுத்தாக வேண்டும், பார்க்க என்ஜினியர் வருகிறார். சொன்ன நாளில் முடிந்தால் நகரத்தில் மிச்சமுள்ள தெருக்கள் எல்லாம் இதே கேங்குக்கு, இரண்டு வருஷ வேலை. முடியாவிட்டால் இவர்களைக் கண்ணூருக்கு அனுப்பிவிடுவார்கள். கண்ணூர் என்றால் ரயிலில் ஒரு ராத்திரி. நான் பெட்டியில் கரியை அள்ளிப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

புதன்கிழமை அவர் அந்தக் குழாய்க்குள் ஒரு நீல நைலான் கயிற்றைக் கோத்தார். அந்தக் கயிற்றில் கேபிளைக் கட்டி மறுபக்கத்திலிருந்து இழுப்பார்கள். மேல் பள்ளத்தில் ஒரு முனை, சந்து இறங்குகிற கீழ்ப் பள்ளத்தில் மறுமுனை. இரண்டையும் கடப்பாரை அடித்துக் கட்டி வைக்க வேண்டும் என்பது முறை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது சோறு ஆறுகிறது என்பது மட்டும். கடை வாசலில் நின்று கூப்பிட்டேன். என் குரல் சாலைக் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். போட்டது போட்டபடி வந்துவிட்டார். சாப்பிட்டு முடிக்கும்போதே வேறு சந்தில் லாரி வந்திருக்கிறது என்று ஆள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை காலை ஓட்டல்காரர் மேசைவிரிப்பு இருபது கொண்டுவந்து போட்டார். வெளுத்துவிட்டேன், காயப்போட இடம் இல்லை. போஸ்டைப் பிடுங்கினவரை மனசுக்குள் வைதுகொண்டே பள்ளத்தை எட்டிப் பார்த்தால், குழாய் வாயில் ஒரு கயிற்று முனை சும்மா கிடக்கிறது. இழுத்தேன். வந்தது. வரவர வந்துகொண்டே இருந்தது. இத்தனை நல்ல கயிற்றை எவன் எறிந்தான் என்று ஆச்சரியப்பட்டபடி கடைசி வரைக்கும் இழுத்து எடுத்தேன். என் ஜன்னல் கம்பிக்கும் எதிர்ச் சுவருக்குமாக மூன்று வரிசை கொடி கட்டினேன். அப்படிச் சந்தோஷமாகத் துணி காயப்போட்டு எத்தனை நாளாயிற்று.

மத்தியானம் பிரஜின் வந்து குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"தாசையண்ணே, கயறு எவிடெ?"

தாசையன் குனிந்து குழாயைப் பார்த்தார். நிமிர்ந்தார். மேசைவிரிப்புகளுக்கு நடுவில் அவருடைய லுங்கியே அந்த நீலக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிரஜின் பக்கம் திரும்பினார்.

"கோக்க மறந்து போச்சு சாரே. எனக்க தப்புதான்."

பிரஜின் தலையில் கை வைத்துக்கொண்டான். கயிறு கோக்கக் குழாய்க்குள் தள்ளுகிற எஃகுக் கம்பி நேற்றே கொல்லத்தில் வேறு கேங்கிடம் போய்விட்டதாம், திரும்பி வர இரண்டு நாளாகும். "சேட்டன்டெ கேங் இனி கண்ணூர்தன்னெ" என்றான்.

நான் உருவினது எந்தக் கயிறு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வேலையைக்கூட மறக்காத மனுஷன், எனக்காக நாலு பேர் முன்னால் மறந்தேன் என்கிறார். எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் கோபமும் வந்தது.

"அவரு கோத்தாரு. நாந்தான் உருவுனேன்" என்றேன். "நேத்து ரெண்டு பக்கமும் கெட்ட விடாம சோத்துக்குக் கூப்பிட்டதும் நாந்தான். வையணும்னா என்ன வையுங்க சாரே."

"சும்மா இரி ஏட்டி" என்றார் அவர், மெதுவாக.

நான் சும்மா இருக்கவில்லை. போன வருஷம் ஒரு பாங்க் மேனேஜருடைய கர்ச்சீப் என் வெளுப்புத் தொட்டித் துவாரத்துக்குள் போய்விட்டது. நான் திருடிவிட்டேன் என்று அவர் சண்டைக்கு வந்தார். சாயங்காலம் பார்த்தால் அது சந்துக் கடைசியில் ஓடை வாயில் சமர்த்தாக வந்து கிடந்தது. தண்ணீர் போகிற இடத்துக்குக் கர்ச்சீப்பும் போகும். அதை எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் வைத்த கதை இருக்கட்டும்.

ஒரு கர்ச்சீப்பின் நடுவில் தையல் நூல்கண்டின் முனையைக் கட்டினேன். மேல் பள்ளத்தில் குழாய் வாயில் வைத்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. இன்னொரு வாளி, இன்னொன்று. நூல் அசையவில்லை. பிரஜின் வாட்சைப் பார்த்தான்.

"டிரம்ம எடுங்க" என்றேன். அவரும் கேங்கில் நாலு பேரும் என் கடை டிரம் இரண்டையும் தூக்கி வந்து நிரப்பினார்கள். நான் நூல்கண்டைக் குச்சியில் கோத்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு டிரம்மையும் ஒரே மூச்சில் கவிழ்த்தார்கள். கண்டு என் கையில் படபடவென்று சுற்றியது. கர்ச்சீப் நிற்காமல் போகிறது என்று தெரிந்தது. கீழ்ப் பள்ளத்தில் நின்றவன் "வந்நு, வந்நு" என்று கூப்பிட்டான்.

நூலில் சணலைக் கட்டி அங்கிருந்து இழுத்தார்கள், பிறகு சணலில் நீலக் கயிறு. ஓட்டல் மேசைவிரிப்பெல்லாம் என் வீட்டுக் கட்டிலில் குவிந்து கிடந்தது. கயிறு முழுக்க மறுபடி குழாய்க்குள் போகும்போது மணி மூன்றரை ஆகிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. நான் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கீழ்ப் பள்ளத்துக்குப் போனேன். அவர் கடப்பாரை அடித்துக்கொண்டிருந்தார்.

"சோறு ஆறிப் போவும். நீ போய்த் தின்னு, நான் வாறேன்" என்றார்.

"கெட்டுங்க. ரெண்டு முடிச்சாட்டு கெட்டுங்க. நான் நிக்கேன்."

கட்டினார். சிரித்துக்கொண்டேதான்.

வெள்ளிக்கிழமை கேபிள் போனது. கண்ணூருக்கு வேறு கேங் போனது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பழைய இரும்புக் குழாயைக் கொண்டுவந்து, போஸ்ட் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டு எனக்குக் கொடி கட்டித் தந்தார். அதற்குப் பிறகு மத்தியானத்தில் நான் அவரைக் கூப்பிட்டதில்லை. எந்தத் தெருவில் பள்ளமோ அதன் ஓரம் போய் நிற்பேன். இரண்டு முனையும் கட்டி முடித்து அவர் மேலே ஏறி வந்த பிறகு சேர்ந்து நடப்போம். இரண்டு வருஷமும் ஆறின சோறுதான் சாப்பிட்டோம்.