கொத்தனார் வீட்டில் ஆடாத இடம்

கொத்தனாரின் மனைவி கண்ணை மூடிச் சாமியிடம் பேச உட்கார்ந்தால், அவளைச் சுற்றி ஆறடிக்குள் எதுவும் ஆடாது. தொங்குகிற பல்பு நிற்கும், அழுகிற கைக்குழந்தையைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்ளும். தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவு மில் பக்கத்திலேயே இருந்ததால் எல்லார் வீட்டிலும் பாத்திரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அவள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு அரை மணி நேரம் அதிராது, அவ்வளவுதான்.

அவர்களுடைய ஒரே மகள் ஒன்பது வயதில் காய்ச்சல் கண்டு இறந்த பிறகுதான் இது ஆரம்பித்தது. அதே வாரம் கொத்தனாருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தன் வீட்டு அறைக்கே புதுத் தரை போட இறங்கினார். ஓரமாக மனைவி கண்மூடி உட்கார்ந்திருந்தாள். தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், குமிழி நட்டநடுவில் நின்றது. திருப்பி வைத்தார், அப்போதும் நடுவில்தான். பின்னே, அவள் பக்கத்தில் அது எப்படி நகரும்? பூசி முடித்தார். தரை காய்ந்ததும் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் ஒரே ஓட்டமாக வாசலுக்கு ஓடுகிறது! இருபது வருடத் தொழிலில் முதல் கோணல், அதுவும் சொந்த வீட்டில். பூசும்போது தன் கை நடுங்கவே இல்லை என்பதை மட்டும் மனுஷன் கவனிக்கவில்லை.

"பொண்ணு போயி ஒரு மாசம் ஆகல. உனக்கு எப்படிடி இவ்வளவு நிம்மதியா உட்கார முடியுது?" என்று கத்தினார்.

"இருக்க முடியலன்னுதாங்க உட்கார்றேன். நீங்களும் வாங்க."

அவர் போகவில்லை. மகளுக்காக உண்மையில் துக்கப்படுவது தான் ஒருவன்தான் என்று ஒரு வீம்பு. கை நடுக்கத்தில் பூச்சுக் கரண்டி பிடிக்க முடியாமல் கொத்து வேலை போயிற்று. கல் சுமந்தார், மணல் சலித்தார். தினமும் ஆறு மணிக்கு அவள், "வாங்களேன், கொஞ்ச நேரம்" என்பாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்பார். பன்னிரண்டு வருடம்! ஒருநாள்கூட அவள் கூப்பிட மறக்கவில்லை. நினைத்தால் நமக்கே மனசு ஆறவில்லை. அப்புறம் ஒருநாள் நெஞ்சுவலி வந்து அவளும் போய்ச் சேர்ந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்தபின் பக்கத்து வீட்டுக்காரி பேரக்குழந்தையோடு வந்தாள். "அழுகை நிக்கவே மாட்டேங்குது அண்ணே. அண்ணி உட்கார்ற இடத்துல கொஞ்சம் போட்டுக்கட்டுமா?" போட்டாள். குழந்தை அடங்கித் தூங்கிப்போனது.

பக்கத்து வீட்டுக்காரி போன பிறகு கொத்தனார் முதல்முறையாக அங்கே போய் உட்கார்ந்தார். கை நடுக்கம் நின்றது. "சாமி, அவகிட்ட சொல்லிடு" என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டார். ஆனாலும் தொழில் புத்தி விடுமா? கை எங்கே நடுங்காமல் இருக்கிறது, எங்கே திரும்ப நடுங்குகிறது என்று பார்த்துச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார். அவள் இருந்தவரை ஆறடி, இப்போது நாலடி அகலம் வந்தது. ஒரு ஆள் உட்கார இரண்டடி போதும். அந்த நாலடியில் இடது பாதி, அவள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று தேய்ந்திருந்தது. வலது பாதியில் அவர் அன்று பூசிய சிமென்ட் அப்படியே சொரசொரப்பாகக் கிடந்தது.

"பாவி, எனக்கு இடம் விட்டுல்ல உட்கார்ந்திருக்கா" என்று வாய்விட்டு அழுதார்.

இப்போதும் ஆறு மணிக்கு அவர் வலது பாதியில்தான் உட்காருகிறார்.