கொதித்த பனிக்கட்டி

அமெரிக்காவின் டுலூத் நகரத் தேவாலயத்தின் வாசலில் பதினோரு கார்கள் எஞ்சின் ஓடியபடி நின்றன. உள்ளே கல்யாணம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. ரேடியேட்டர் தண்ணீர் உறையாமலிருக்க டிரைவர்கள் கார் முகப்பைப் போர்த்தியிருந்தார்கள். எய்னார் போர்த்தியிருந்தது அவன் மனைவி குட்ருன் தைத்த நீலப் போர்வை.

"பொண்டாட்டியக்கூட இப்படிப் போத்திவிட்டிருக்க மாட்டே," என்றான் பக்கத்து வண்டி டிரைவர் தோய்வோ.

"சிரிப்பா இருக்கா? வண்டி போனா வேலை போச்சு, கராஜ் மாடி ரூமும் போச்சு. ஒம்பது நாள் புள்ளைய வெச்சுக்கிட்டு எங்கடா போவேன்?"

எஜமானி விட்கோம் அம்மாள் வெளியே வந்தாள். "போட்டோ எடுக்கப் போறாங்க. அந்தக் கந்தலை எடு."

"எடுத்தா அடியில உறைஞ்சிடும்மா."

"எஞ்சின் ஓடுதில்ல? ஓடுற வண்டி எப்படி உறையும்? எனக்கே பாடம் எடுக்கறியா?"

எடுத்தான். காற்றை மறைக்கத் தானே முகப்பின்முன் நின்றுகொண்டான். போட்டோக்காரர் அவனையும் விரட்டினார். கும்பல் கும்பலாக நின்று படம் எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது, வீட்டு மேட்டில் பாதி ஏறியதும் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி பீறிட்டது. உள்ளே ஏதோ படாரென்று வெடித்தது.

"கொதிக்க விட்டுட்டியேடா, பாவி!" என்று பின்சீட்டிலிருந்து கத்தினார் எஜமானர் விட்கோம்.

"அடியில உறைஞ்சுபோச்சுங்கய்யா. தண்ணி கீழ இறங்க வழியில்ல, அதான் மேல கொதிக்குது."

"பனிக்கட்டி கொதிக்குதாம்! கேட்டியா கதைய?"

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போர்வையப் போட்டுப் போட்டுச் சூடேத்தினதே இவன்தான்."

குதிரை கட்டி வண்டியை இழுத்து வந்தார்கள். இருட்டுவதற்குள் ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் விட்கோம். எய்னார் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே மெக்கானிக் பேசுவது கேட்டது.

"அடியில கல்லா உறைஞ்சிருக்குங்க. அதனாலதான் மேல கொதிச்சு எஞ்சின் பிளாக் வெடிச்சிருக்கு. நல்லாப் போத்தி, அடுப்பு அணையாம வெச்சாத்தான் இளகும்."

எய்னார் பெட்டியோடு இறங்கி வந்து எஜமானர் முகத்தைப் பார்த்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் கிளம்பலையா?"

குழந்தையைக் கோட்டுக்குள் பொத்தி வைத்திருந்த குட்ருன் காரின் மேலிருந்த நீலப் போர்வையை எடுக்கப் போனாள்.

"அதுல கை வைக்காதே," என்றார் விட்கோம். "வண்டிக்குக் குளிரும்."

கதவு சாத்தப்பட்டது. பனியில் நின்று குட்ருன் கராஜ் ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே அடுப்பு செக்கச்சிவந்து எரிந்துகொண்டிருந்தது. மெக்கானிக் அவள் போர்வையின் ஓரங்களை இழுத்து, இடைவெளி இல்லாமல் காரைச் சுற்றிச் செருகிக்கொண்டிருந்தான்.