லக்கேஜ் டிக்கெட்

எங்கள் கம்பெனி செய்யும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளை மூன்று மாதம் யாரும் தொடாவிட்டால், அவை பஸ் ஏறித் தொழிற்சாலைக்கே திரும்பிவிடும். கண்டக்டர்கள் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்து, குறிச்சி சிட்கோ நிறுத்தத்தில் இறக்கிவிடுவார்கள்.

அந்த வருடம் வெளியே போனதைவிடத் திரும்பி வந்தது அதிகம். சில நாங்கள் செய்தவையே அல்ல. வழியில் பேச்சுத்துணைக்குச் சேர்ந்துகொண்டவை. கேன்டீன் நாற்காலிகளில் அவை உட்கார்ந்திருந்ததால் நாங்கள் நின்றபடி சாப்பிட்டோம்.

ஒவ்வொரு பெட்டியின்மேலும் காதை வைத்துக் கேட்பது என் வேலை. உள்ளிருக்கும் ரீங்காரம் சரியாக இருந்தால் பச்சைத் தாள் ஒட்டுவேன். இருபத்தாறு வருடம் கேட்டிருக்கிறேன். வீட்டில் கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

முதலாளி தண்டபாணி எல்லோரையும் கேன்டீனில் கூட்டினார்.

"பெட்டியை விட்டுரலாங்க. இனி விளையாட்டை மட்டும் செய்வோம்."

பெட்டிகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தன. பெட்டி இல்லையென்றால் காதை எதன்மேல் வைப்பது என்று நான் யோசித்தேன். ஃபோர்மன் மயில்சாமி வேறொன்று கேட்டார்.

"அப்போ ஆயுத பூஜைக்குப் பொட்டு எது மேலங்க வைக்கிறது?"

நியாயமான கேள்வி. ஆயுத பூஜையில் பொட்டு வாங்காத எந்த வகைச் சரக்கையும் எங்கள் கம்பெனி வெளியே அனுப்பியதில்லை. பெட்டியில்லாத விளையாட்டின்மேல் பொட்டு நின்றால் மாறுவது, நிற்காவிட்டால் பெட்டியோடு இருப்பது என்று முடிவாயிற்று.

பூஜையன்று இன்ஜினியர் செண்பகம் பெட்டியில்லாத விளையாட்டு ஒன்றை இரு கைகளிலும் ஏந்தி வந்தாள், கோழிக்குஞ்சைக் கொண்டுவருவதுபோல. வாட்ச்மேன் ஆரோக்கியம் அதற்குக் கேட் பாஸ் எழுதினார்.

"பாத்திரமில்லாம ரசம் கொண்டுவந்த மாதிரி இருக்குது, அம்மிணி. சிந்தீராதே," என்றார் மயில்சாமி.

"சிந்துனா நீங்க ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்கண்ணா."

அவள் அதை மேசைக்குமேல் விட்டுக் கைகளை எடுத்துக்கொண்டாள். மயில்சாமி சந்தனத்தைத் தொட்டு நீட்டினார். பொட்டு அந்தரத்தில் இடுப்புயரத்தில் நின்றது. அதன் நடுவில் குங்குமமும் நின்றது. சூடம் காட்டினோம்.

பொரியோடு ஆளுக்கு நான்கு பெட்டிகளும் கொடுத்தார்கள். பிறகு தண்டபாணி என்னை அறைக்கு அழைத்தார்.

"மரகதம்மா, யோசிச்சுப் பார்த்தேனுங்க. நீங்க கேக்கறது மென்பொருள். காதும் கை காலும் வன்பொருள். கேக்கறதை இங்க விட்டுட்டு நீங்க வீட்டுல இருங்க."

கையெழுத்துப் போட்டேன். காதிலிருந்த என் கேள்வியை மேசைமேல் வைத்துவிட்டு, நான்கு பெட்டிகளோடு வீடு வந்தேன்.

அதன்பின் பக்கத்து வீட்டார் கூப்பிட்டால் கேட்காது. கம்பெனி மட்டும் கேட்கும். கீரை ஆயும்போது மயில்சாமி தும்முவது கேட்டது. பதினோரு மணிக்கு டீத் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. பெட்டியில்லாத விளையாட்டுகளின் ரீங்காரம் நன்றாகவே இருந்தது. மழை வருமுன் ஈசல்கள் எழும் ஓசைபோல. எனக்குக் குறை எதுவும் இல்லை. நான்கு பெட்டிகளையும் தினமும் கையால் துடைத்தேன். அதனால் அவை எங்கும் போகவில்லை.

மூன்று மாதம் முடிந்த காலையில் நான் தலைவாரி, செருப்பு மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். கம்பியோரம் யாருக்கும் இடைஞ்சலில்லாமல் நின்றுகொண்டேன்.

வாசலில் ஆரோக்கியம் நோட்டில் எழுதினார். "திரும்பி வந்தது ஒண்ணு" என்று அவர் சொன்னது, உள்ளே மேசைமேலிருந்து எனக்குக் கேட்டது.

என்னை அந்த மேசையருகே நிறுத்தினார்கள். என் கேள்வி என் நெஞ்சில் சாய்ந்து நெடுநேரம் கேட்டது. ரீங்காரம் சரியாக இருந்தது. செண்பகம் என் தோளில் பச்சைத் தாளை ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"அப்போ வெளிய அனுப்பிரலாங்களா?" என்று தண்டபாணி கேட்டார்.

மயில்சாமி தலையாட்டினார். "இந்த வகைக்கு இன்னும் பொட்டு வைக்கலீங்களே."

அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. கேன்டீனில் ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்துகொண்டேன்.